மொட்டை மாமாவுக்குச் சாவு கிடையாது

— இல்லக்கா, மொட்டை மாமா படங்கள்ல முதல் இடம் ‘ஏழு அண்ணன் தம்பி’க்குத்தான். இதுல பேச்சே கிடையாது, எழுதி வெச்சுக்கோங்க.

— எழுதறவன் நீதானே போசா, பென்சில் உன் காதுல இருக்கு. என் கையில மாவு. ஆனா ஒண்ணு, ‘சத்திரத்துல மழை’ முதல்ல வரலேன்னா இந்த முட்டைச் சப்பாத்தி அப்படியே என் கடைக்குத் திரும்பிப் போயிடும்.

— சப்பாத்தியை வெச்சு மிரட்டாதீங்க நாலோங்கோ அக்கா. ரெட்டைப் புள்ளை பெத்தவங்கன்னு ஊரே மரியாதை குடுக்குது, சரி. அதுக்காகப் படத்தை வரிசைப்படுத்தற அதிகாரமும் உங்களுக்கா? நினைச்சுப் பாருங்க. மூத்த அண்ணனை அந்த நீளமுடிக்காரப் பய நெஞ்சுல குத்தறான். கொட்டகையே அழுவுது. எனக்கு அப்போ பன்னெண்டு வயசு, மூக்கு ஒழுவுது. அடுத்த வாரம் போனா அதே மொட்டைத் தலை, அதே மீசை, ‘நான் ரெண்டாவது தம்பி, எங்க அண்ணனைக் கொன்னவன் எங்கடா?’ன்னு கேக்கறார். அம்மாடி! அன்னைக்கு ரெண்டு பெஞ்சு உடைஞ்சுது.

— அப்புறம் மூணாவது தம்பி, நாலாவது தம்பி. அவங்களைப் பெத்த மகராசியை நினைச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கும். ரெண்டு பெத்ததுக்கே என் இடுப்பு போச்சு. அவ ஏழு மொட்டையைப் பெத்திருக்கா. அதுவும் அது ஒரே படமா? ஏழு படம். ஏழையும் ஒரே இடத்துல திணிக்கறியே, இது என்ன நியாயம்?

— கதை ஒண்ணுதானேக்கா. குடும்பம் ஒண்ணு, பகை ஒண்ணு. சரி, ரெண்டாவது இடம் உங்க சத்திரம். மூணாவது ‘உப்புக் கிடங்கு’. ஒரு கையில டீக் கிண்ணம், ஒரு கையாலேயே நாப்பது பேரைப் போட்டுச் சாத்துவார், ஒரு சொட்டு சிந்தாது. அந்த வயசுல நான் எங்க வீட்டுல டீயைக் கையில வெச்சுக்கிட்டே தம்பியை உதைச்சுப் பார்த்தேன். இந்தா பாருங்க, இன்னும் தழும்பு இருக்கு.

— உன் தழும்பைப் போன்ல மொட்டை மாமாகிட்ட காட்டிடாதே, பெரியவர் பயந்துடுவார். அவரே நம்மகூடப் பேசப் போறார்னு எனக்கு இன்னும் நம்பிக்கையே வரல போசா. உன் அக்கா பொண்ணு படிக்கத்தானே ஹாங்காங் போனா?

— படிக்கத்தான் போனா. ஞாயித்துக்கிழமையில முதியோர் இல்லத்துக்குப் போய்க் கஞ்சி ஊத்தற வேலை ஒண்ணு, காலேஜ்ல அனுப்பறாங்களாம். அங்கே ஒரு கிழவர் நிமிர்ந்து கிண்ணத்தை நீட்டியிருக்கார். நாபுக்கேரா கரண்டியைக் கீழே போட்டுட்டாளாம். ‘மாமா, நம்ம கடைக் கண்ணாடிக்கு மேல ஒட்டியிருக்கிற ஆளு இங்கே கஞ்சி குடிக்கிறார்!’னு எனக்குப் போன். நான் வெட்டிக்கிட்டிருந்த தலையைப் பாதியில விட்டுட்டு ரோட்டுக்கு ஓடிட்டேன். அந்த ஆளு பாதிக் கிராப்போட என்னைத் துரத்திக்கிட்டு வர்றான்.

— பொண்ணு நல்லா இருக்கணும். பெரியவர் எத்தனை மணிக்கு வருவார்?

— நமக்கு ரெண்டரை. அங்கே அப்போ ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சிருக்கும். எண்பத்தொரு வயசு, எட்டு மணி ஆனா படுக்கைக்குப் போயிடுவாராம். அதனாலதான் மூணே மூணு படம், ஆளுக்கு ஒரு காட்சியைச் சொல்லிப் பாராட்டறோம். இப்போ என் வரவேற்புரையைக் கேளுங்க. ‘மாண்புமிகு மொட்டை மாமா அவர்களே!’

— மூஞ்சிக்கு நேரா மொட்டைன்னா சொல்லப் போறே?

— அன்புதானேக்கா. நானே மொட்டை. சனிக்கிழமை தவறாம வழிச்சுக்கறேனே, யாருக்காக? முடி வெட்டறவன் தலையில முடி இல்லேன்னா எவன் நம்பி வருவான்? வர்றாங்களே! எல்லாம் அவர் படத்தோட ராசி. கேளுங்க. ‘நாங்கள் உகாண்டா தேசம், கம்பாலா நகரம், கட்வேயிலிருந்து பேசுகிறோம். நான் போசா, சவரக்கடை, உங்கள் ரசிகர் மன்றத் தலைவர். இவர் நாலோங்கோ, சப்பாத்திக் கடை, மன்றத் துணைத் தலைவர்.’

— துணையா?

— அப்புறம் பேசிக்கலாம். ‘இதோ நிற்பவர் எங்கள் வீஜே வலுசிம்பி. எங்கள் வீடியோ கொட்டகையில் உங்கள் படங்கள் ஓடும்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சீன மொழியில் பேசியதையெல்லாம் அப்படியே, ஒரு சொல் பிசகாமல், எங்கள் பாஷையில் எடுத்துச் சொன்னவர். இவர் இல்லையென்றால் உங்கள் பெருமை எங்களுக்குத் தெரிந்திருக்காது.’ எப்படி?

— நல்லாத்தான் இருக்கு. ஆனா ‘இதோ நிற்பவர்’னு சொல்றே, ஆளையே காணோமே. ரெண்டு மணி ஆச்சு.

— வருவார். மூணு தடவை போன் பண்ணேன், எடுக்கல. காலையில பார்த்தப்பவும் மூஞ்சி ஒரு மாதிரிதான் இருந்தது. ஆளு பயந்துட்டார்னு நினைக்கிறேன், சந்தோஷத்துல... ஆங், வந்தாச்சு! வாங்க வாங்க வீஜே! என்ன இப்படி வேர்த்து ஊத்துது?

— கதவைச் சாத்து போசா. வெளியில என்ன இத்தனை கூட்டம்?

— மன்றத்து ஆளுங்கதான். ஸ்பீக்கர் வேற கட்டச் சொன்னாங்க, நான்தான் வேணாம்னு தடுத்து வெச்சிருக்கேன். போன் சின்னது, நாம மூணு பேர் மூஞ்சி தெரிஞ்சாலே பெருசு.

— அந்தப் போனே வேண்டாம். பொண்ணுகிட்ட சொல்லிடு. கரண்ட் இல்லே, சார்ஜ் இல்லே, எதையாவது சொல்லு.

— என்ன வீஜே வெளையாடறீங்களா? முப்பது வருஷமாக் காத்திருக்கோம்!

— இரு போசா. அவர் வெளையாடல. வலுசிம்பி, உக்காருங்க. தண்ணி குடிங்க. என்ன ஆச்சு?

— நாலோங்கோ, நீங்க அவர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?

— என்ன சொல்லுவேன்? நன்றி சொல்லப் போறேன். மத்தவங்களுக்கு அது சினிமா. எனக்கு அப்படி இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா? ரெண்டு புள்ளையும் வயித்துல, எட்டாம் மாசம். என் புருஷன் அடிச்ச அடியில வாய் கிழிஞ்சு, செருப்புகூட இல்லாம ரோட்டுல நடந்து வந்துகிட்டிருந்தேன். மழை பிடிச்சுது. ஒதுங்கறதுக்குக் கொட்டகை வாசல்ல ஏறினேன். மழை விட்டதும் அவன்கிட்டயே திரும்பிப் போயிடலாம்னுதான் இருந்தேன். வேற எங்கே போக? திரையில மொட்டை மாமா சத்திரத்து மாடியிலேர்ந்து இறங்கி வர்றார். அங்கேயும் மழை. வாசல்ல நிக்கற ஒரு பொண்ணைப் பார்த்து விரலை நீட்டிச் சொல்றார். என்னையே பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. அதைக் கேட்டுட்டுத்தான் நான் திரும்பிப் போகல. மறுநாள் பக்கத்துத் தெருவுல ஒருத்திக்கு மாவு பிசையப் போனேன். இதைத்தான் சொல்லப் போறேன். ஐயா, உங்க ஒரு பேச்சால நானும் என் வாஸ்வாவும் காட்டோவும் உசுரோட இருக்கோம்னு.

— அதான்... அதைத்தான் சொல்ல வேண்டாங்கறேன்.

— ஏன்?

— அவர் அப்படிச் சொல்லல.

— சொல்லலையா? என் ரெண்டு காதாலயும் கேட்டேனே.

— நீங்க கேட்டது என்னை. அவர் சொன்னது வேற. ஜனங்களே... சேச்சே, பழக்கதோஷம். போசா, நாலோங்கோ, நான் ஒண்ணு சொல்றேன், முடியற வரைக்கும் குறுக்கே பேசாதீங்க. மொட்டை மாமா நல்லவர் இல்லே.

— குடிச்சிருக்கீங்களா?

— குறுக்கே பேசாதேன்னேன் போசா. படத்துல சொல்றேன். எந்தப் படத்துலயும் அவர் நல்லவர் இல்லே. வில்லன். எல்லாப் படத்துலயும் வில்லன். அந்த நீளமுடிக்காரன்தான் ஹீரோ.

— யாரு? அந்தத் திருட்டுப் பயலா?

— அவன் திருடலை. அது அவன் வீட்டுச் சொத்து, திருப்பி எடுத்துக்கிட்டுப் போனான். கேளு. எனக்கு அப்போ இருபத்திரண்டு வயசு. கொட்டகையில முதல் நாள். கேசட்டைப் போட்டுட்டு மைக்கைக் கையில குடுத்துட்டாங்க. சீனத்துல எனக்கு ஒரு எழுத்து தெரியாது, படத்துக்குக் கீழே இங்கிலீஷும் ஓடல. யாரு எவருன்னு நானே கண்டுபிடிச்சு சொல்லணும். முதல்ல திரையில வந்தது இவர்தான். நல்ல பட்டுச் சட்டை, குதிரை, கம்பீரமா ஒரு பார்வை. பின்னாலேயே கந்தலைக் கட்டிக்கிட்டு, முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு ஒருத்தன் ஓடி வர்றான். நீயே சொல்லு, நம்ம ஊர்ல யாரு நல்லவன்னு நினைப்போம்?

— குதிரையில வந்தவரைத்தான்.

— நானும் அதான் நினைச்சேன். ‘ஜனங்களே, இதோ வர்றார் நம்ம மாமா, ஊரைக் காப்பாத்த’ன்னு சொல்லிட்டேன். ஒரே கைதட்டல். அரைமணி நேரம் கழிச்சு இவர் ஒரு கிழவனைக் கிணத்துல தள்ளறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஆனா என்ன பண்றது? கொட்டகை பூரா அவர் பக்கம். மாத்திச் சொன்னா பெஞ்சைத் தூக்கி என் தலையிலேயே போட்டிருப்பாங்க. ‘இந்தக் கிழவன் யாருன்னு நினைக்கிறீங்க, சூனியக்காரன்!’னு சொல்லிச் சமாளிச்சேன்.

— சூனியக்காரன் இல்லையா அவன்?

— கோயில் பூசாரி.

— அப்போ ‘உப்புக் கிடங்கு’ல? ஊர்க் கிணத்துல அவர் மருந்து கலந்தாரே! ஜனங்களோட வயித்துவலி தீரறதுக்கு!

— விஷம் போசா.

— குடிச்சவங்கல்லாம் பொத்துப் பொத்துன்னு விழுந்தாங்களே... நீங்க சொன்னீங்களே, ‘மருந்து வேலை செய்யுது, எல்லாரும் நல்லாத் தூங்கறாங்க’ன்னு!

— வேற என்ன சொல்ல?

— அப்போ ஏழு அண்ணன் தம்பி? அதையாவது விட்டு வைங்க வீஜே, கெஞ்சிக் கேக்கறேன்.

— தம்பியாவது ஒண்ணாவது. ஒவ்வொரு படத்துலயும் கடைசியில ஹீரோ அவரைக் கொன்னுடுவான். அடுத்த வாரம் வேற படம், வேற வில்லன், ஆனா அதே ஆளு. வாசல்ல நீங்கள்லாம், ‘மாமாதான் செத்துட்டாரே’ன்னு அழுதுக்கிட்டு நிக்கறீங்க. அதனால தம்பி வந்தான்னேன். அது நல்லா எடுத்துச்சு. அதுக்கப்புறம் நானே நிறுத்த நினைச்சாலும் முடியல.

— கடவுளே! நான் என் மச்சினனோட பதினாறு வருஷம் பேசல, தெரியுமா உங்களுக்கு? அவன் ஒரு தடவை கென்யா போய்ட்டு வந்து, ‘அந்த நீளமுடிக்காரன்தான் ஹீரோன்னு அங்கே சொல்றாங்க’ன்னு சொன்னான். பல்லைப் பேத்து அனுப்பிச்சேன். அவன் கல்யாணத்துக்குக்கூடப் போகல. இந்தக் கடையில நீளமா முடி வெச்சவன் யாருக்கும் வெட்ட மாட்டேன்னு எழுதி ஒட்டியிருக்கேன்!

— வெளியில அவ்வளவு பேருக்குக் கேக்கற மாதிரி கத்தாதே போசா. வலுசிம்பி, இங்கே பாருங்க. போசாவோட மச்சினன் பல்லு கிடக்கட்டும். சத்திரத்துல அந்த மனுஷன் என்ன சொன்னார்?

— வேண்டாம் நாலோங்கோ.

— சொல்லுங்க.

— ரொம்ப வருஷம் கழிச்சு அதோட சிடி வந்தது. கீழே இங்கிலீஷ் ஓடுச்சு. ‘உன் புருஷன் எங்கே ஒளிஞ்சிருக்கான்? சொல்லலேன்னா சத்திரத்தோட உன்னையும் சேர்த்துக் கொளுத்திடுவேன்.’ அதுதான் அவர் சொன்னது. அதைப் பார்த்த அன்னைக்கு நான் சோறு திங்கல.

— அப்போ நான் கேட்டது?

— அன்னைக்கு மழையில கூட்டமே இல்லே. வாசல்ல ஒரு பொண்ணு வந்து நின்னா. தெரு விளக்கு வெளிச்சம் வாய்ல விழுந்துச்சு, கிழிஞ்சிருந்தது. வயிறு பெருசா. ரோட்டையே பார்த்துக்கிட்டிருந்தா. திரும்பிப் போகப் போறான்னு எனக்குப் பட்டுது. எங்கக்கா அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பிப் போவா. கடைசியா போனவ வரவே இல்லே. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. மைக்தான் கையில இருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் விரலை நீட்டினார். நான் சொல்லிட்டேன்.

— அப்போ... நீங்கதானா?

— நான்தான்.

— முப்பது வருஷமா என் கடையில சப்பாத்தி தின்னிருக்கீங்க. தினம் காலையில. ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!

— எப்படிச் சொல்றது? மறுவாரமே நீங்க வந்து அந்த போஸ்டர் முன்னாடி நின்னு கும்பிட்டுட்டுப் போனீங்க. சொன்னது அவர்னு நினைச்சுத்தானே தைரியமா நின்னீங்க? மைக் பிடிக்கிற பொடிப்பய சொன்னான்னு தெரிஞ்சா, அந்தத் தைரியம் போயிடுமோன்னு பயம். அப்புறம் வருஷம் ஓடிடுச்சு. நீங்க ஒவ்வொரு தடவை அவர் பேரைச் சொல்லும்போதும் நான் தட்டைப் பார்த்துக்கிட்டே தின்னுட்டு எழுந்து போயிடுவேன். இன்னைக்கு அவர்கிட்டயே போய்ச் சொல்லப் போறீங்க. அவர், ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ம்பார். அதை உங்க காதால நீங்க கேக்கக் கூடாது. அதுக்குத்தான் ஓடி வந்தேன்.

— எனக்கு உங்க மேல கோவமா வருது வலுசிம்பி. அழுகையா வருது. ரெண்டும் சேர்ந்து வருது. மாவுக் கையோட கண்ணைத் துடைச்சுக்கவும் முடியல.

— துடைங்கக்கா, இந்தாங்க துண்டு. முடி ஒட்டியிருக்கும், பரவாயில்லே... ஐயோ, போன் அடிக்குது! நாபுக்கேரா! இப்போ என்ன பண்றது?

— எடுக்காதே.

— எடு போசா.

— அக்கா, வீஜே எடுக்காதேங்கறார். வெளியில ஐம்பது பேர் நிக்கறாங்க. நான் வரவேற்புரையில ‘ஒரு சொல் பிசகாமல்’னு வேற எழுதி வெச்சிருக்கேன்!

— துணைத் தலைவர் சொல்றேன், எடு. வலுசிம்பி, நீங்க எங்கே எழுந்திருக்கறீங்க? உக்காருங்க. அந்தக் கதவுப் பக்கம் போனீங்கன்னா நாளையிலேர்ந்து உங்களுக்குச் சப்பாத்தி கிடையாது.

— ஹலோ! மாமா! தெரியுதா? கேக்குதா?

— கேக்குது நாபுக்கேரா! மூஞ்சி தெரியுது. உன் மூஞ்சிதான் தெரியுது, அவர் எங்கே?

— இதோ பக்கத்துலதான் உக்காந்திருக்கார். மோக் ஐயா, இங்கே பாருங்க. இல்லே, இந்தப் பக்கம்... மாமா, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். நீங்க சொல்றதை நான் அவர் பாஷையில கிட்டக்கப் போய்ச் சொல்றேன். எனக்கும் அது அரைகுறைதான், மெதுவாப் பேசுங்க.

— ஆகா... அக்கா, பாருங்க. அதே தலை. எவ்வளவு சின்ன ஆளா ஆயிட்டார்! அந்தத் தோளைப் பாருங்க, குழந்தைத் தோள் மாதிரி.

— மாமா, நீங்க பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், நம்ம பாஷை அவருக்குப் புரியாது. நீங்கள்லாம் ரசிகர்னு சொன்னா அவர் நம்பவே மாட்டேங்கறார். நாலு நாளாச் சொல்லிட்டிருக்கேன். இங்கே அவரைப் பத்தி வேற மாதிரி பேசறாங்க. ஒரு பாட்டி இருக்கா, இவர் சாப்பாட்டு மேசைக்கு வந்தா தட்டைத் தூக்கிக்கிட்டு வேற மேசைக்குப் போயிடுவா. சினிமாவுல கொலைகாரனாம். அவர் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல கொலைகாரன் மகள்னுதான் கூப்பிடுவாங்களாம். எதுக்கு அப்படின்னு எனக்குப் புரியவே இல்லே. நம்ம ஊர்ல அவர் அவ்வளவு நல்லவராச்சே?

— அக்கா, நீங்க பேசுங்க. என்னால முடியல.

— மாமா? கேக்குதா? போன் நின்னுடுச்சா?

— நிக்கல பொண்ணே. நான் நாலோங்கோ பேசறேன், சப்பாத்திக் கடை. அவர்கிட்ட முதல்ல வணக்கம் சொல்லு. நாங்க மூணு பேர் உள்ளே, ஐம்பது பேர் வெளியே, எல்லாரும் அவருக்காக வந்திருக்கோம்னு சொல்லு. சொன்னியா? சரி. இப்போ வலுசிம்பி பேசுவார்.

— நாலோங்கோ, என்னை விட்டுடுங்க.

— எனக்குச் சொன்னதை அவருக்கும் சொல்லுங்க. எல்லாத்தையும். முப்பது வருஷம் அந்த மனுஷன் வாயை இரவல் வாங்கிப் பேசியிருக்கீங்க. ஒரு தடவையாவது அவர்கிட்ட கேக்க வேண்டாமா?

— ஐயா... நான் வலுசிம்பி. மைக் பிடிக்கிறவன். நாபுக்கேரா, இதை அப்படியே சொல்லும்மா, ஒண்ணும் மறைக்காதே. ஐயா, உங்க படங்களை இங்கே நான்தான் எடுத்துச் சொன்னேன். தப்பாச் சொன்னேன். உங்களை நல்லவர்னு சொன்னேன். நீங்க கொன்னவங்களையெல்லாம் சூனியக்காரங்கன்னேன். நீங்க செத்துப்போனப்பல்லாம் சாகலேன்னு சொன்னேன். உங்களுக்கு ஆறு தம்பியை உண்டாக்கினேன். நீங்க பேசின பேச்சு ஒண்ணுகூட எனக்குப் புரியாது. எல்லாம் நான் இட்டுக் கட்டினது. இந்த ஊர் உங்க மேல வெச்சிருக்கிற பிரியம் பூரா நான் சொன்ன பொய்யில வந்தது. மன்னிச்சுடுங்க.

— வீஜே ஐயா, இதை... இதை நிஜமாவே சொல்லணுமா?

— சொல்லும்மா.

— சரி... சொல்றேன், இருங்க.

— அக்கா, அவர் மூஞ்சி மாறுதே. கோவப்படறாரா? அந்தப் புருவத்தைப் பாருங்க! ‘ஏழு அண்ணன் தம்பி’ல நாலாவது தம்பி பார்ப்பாரே, அதே பார்வை! நான் போன் வெச்சுடட்டுமா?

— பேசாம இரு.

— மாமா, அவர் சிரிக்கிறார்! சிரிக்கிறார்! இருங்க, என்னமோ சொல்றார்... மெதுவா, ஐயா, மெதுவா... அவர் சொல்றார், அவர் படம் எதுலயும் அவர் குரல் கிடையாதாம். அந்தக் காலத்துல படம் பிடிக்கும்போது பேச்சைப் பதிய மாட்டாங்களாம். வசனம் அப்புறமாத்தான் எழுதுவாங்களாம். கேமரா முன்னாடி நின்னு கோவமா வாயை அசைச்சாப் போதும், ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணுன்னு சொல்லிடுவாங்களாம். பின்னாடி வேற யாரோ ஒருத்தர் அவருக்காகப் பேசிடுவாராம்.

— என்னது? எண்ணினாரா?

— ஆமா மாமா. நாப்பது வருஷம் எண்ணிட்டே இருந்திருக்கார். நான் யாரையும் திட்டினதும் இல்லே, மிரட்டினதும் இல்லே, பத்து வரைக்கும் எண்ணுவேன், அப்புறம் செத்துடுவேன்னு சொல்றார். படம் வெளியானா போய்ப் பார்க்கவே மாட்டாராம். வேற எவனோ அவர் வாயால கெட்டது பேசறதைக் கேக்கப் பிடிக்காதாம்.

— போசா, அழுவாதே. வரவேற்புரை நனையுது பாரு.

— நான் அழுவலக்கா. நான் சும்மா... எனக்கு என்னன்னே தெரியல.

— நாலோங்கோ அத்தை, அவர் உங்களைக் கேக்கறார். அந்த அம்மா ஏன் முகத்தைத் துடைச்சுக்கிட்டே இருக்காங்க, நான் அவங்களை ஏதாவது செஞ்சுட்டேனான்னு.

— ஐயோ, இல்லே! இல்லேன்னு சொல்லு! நான் எங்கே நின்னேன், மழை, என் வாய் கிழிஞ்சிருந்தது, வயித்துல ரெட்டைப் புள்ளை, திரையில சத்திரம், அவர் மாடியிலேர்ந்து இறங்கி வந்து விரலை நீட்டினார், எல்லாத்தையும் சொல்லு. அவர் பேசினார்னு நினைச்சுக்கிட்டு நான் திரும்பிப் போகாம இருந்துட்டேன்னு சொல்லு. வாஸ்வா இப்போ பஸ் ஓட்டறான், காட்டோவுக்குப் போன மாசம்தான் பொண்ணு பிறந்திருக்குன்னு சொல்லு. சொன்னது அவர் இல்லே, இந்த ஆளுன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்னும் சொல்லிடு. அவர்கிட்ட எதுக்கு மறைக்கணும்?

— சொல்றேன் அத்தை.

— வலுசிம்பி, நீங்க ஏன் தலையைக் குனிஞ்சுக்கறீங்க? நிமிருங்க, போன்ல தலைதான் தெரியுது.

— அத்தை, அவர் அந்தச் சத்திரம் ஞாபகம் இருக்குங்கறார். மழை நிஜ மழை இல்லையாம், தீயணைப்பு வண்டித் தண்ணியாம், ஒரு வாரம் காய்ச்சல்ல கிடந்தாராம். அந்தப் பொண்ணா நடிச்சவங்களைப் பார்த்து விரலை நீட்டி ஏழு வரைக்கும் எண்ணினேன்னு சொல்றார். இப்போ... வீஜே ஐயாகிட்ட கேக்கச் சொல்றார். நான் என்னதான் சொன்னேன், எனக்கும் சொல்லுங்கன்னு கேக்கறார்.

— நானா? இப்பவா? குரலே போச்சும்மா.

— சொல்லுங்க வலுசிம்பி. அன்னைக்குச் சொன்ன மாதிரியே. போசா, அந்தச் சீப்பை அவர் கையில குடு, எதையாவது பிடிச்சுக்கிட்டுத்தான் அவருக்குப் பேச வரும்.

— ஜனங்களே... மாமா மாடியிலேர்ந்து இறங்கி வர்றார். ஒவ்வொரு படியா. வெளியில மழை. வாசல்ல ஒரு பொண்ணு. எல்லாரும் பயப்படறாங்க, மாமா இப்போ யாரை அடிக்கப் போறாரோன்னு. மாமா யாரையும் அடிக்கல. விரலை நீட்டிச் சொல்றார்: ‘பொண்ணே, மழை விட்டதும் வந்த வழியில திரும்பிப் போயிடாதே. இன்னைக்கு அடிச்சவன் நாளைக்கும் அடிப்பான். உள்ளே வந்து உக்காரு. உனக்கு இந்த ஊர்ல யாரும் இல்லேன்னு நினைக்காதே, நான் இருக்கேன்.’

— இருங்க, நான் அவருக்குச் சொல்லணும்... ஒவ்வொண்ணாச் சொல்லணும்...

— என்ன பண்றார் அவர்? போசா, போனை ஆட்டாதே, எனக்கு ஒண்ணும் தெரியல.

— கண்ணை மூடிக்கிட்டிருக்கார்க்கா. வாய் மட்டும் அசையுது. எண்ணறாரா?

— எண்ணல மாமா. நான் சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கறார். இருங்க, ஏதோ சொல்றார்... அத்தை, உங்ககிட்டத்தான் சொல்லச் சொல்றார்.

— என்னவாம்?

— ‘வீஜே தப்பாச் சொல்லலம்மா. அன்னைக்கு நான் அதைத்தான் சொன்னேன்’ங்கறார்.